மழையை அடைகாக்கும் கோழி

கலைப்பொருள் எண் 4417 விசில் அடித்தது.

சிங்காநல்லூர் எட்டாம் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் காலை ஒன்பது நாற்பதுக்கு விசில் கிளம்பியது. அடுத்த நொடி, நான்கு கிலோமீட்டர் தள்ளிப் பொருள் மீட்பு வாரியத்தின் கோவை அலுவலகத்தில் அபாயமணி அலறியது. நிறைமதி திடுக்கிட்டதில் உணவுப் பெட்டி மடியில் கவிழ்ந்தது. ஒரே அளவில் வெட்டிய பன்னிரண்டு இட்லித் துண்டுகள் தரையில் உருண்டன. திரையில் எழுத்துகள் ஓடின: 'பதிவு பெற்ற கலைப்பொருள். தலைப்பு: மழையை அடைகாக்கும் கோழி. நிலை: பயன்பாட்டில் உள்ளது.'

"கோழி விசிலடிக்குதா?" என்று எட்டிப் பார்த்தார் பக்கத்து மேஜை செந்தாழன். "எதுக்கும் முட்டை போட்டிருக்கான்னு பாத்துட்டு வா."

நிறைமதிக்குச் சிரிப்பு வரவில்லை. கலைப்பிரிவு ஆய்வாளராக இரண்டு வருடம் ஆகிறது. இந்த மணி அடித்து அவள் கேட்டதில்லை. கலைப்பொருள்கள் சும்மா இருக்கும். சும்மா இருப்பதுதான் அவற்றுக்குச் சட்டம் விதித்த ஒரே நிபந்தனை.

அவள் படியிறங்குவதற்குள் மீட்பு வண்டி கிளம்பத் தயாராக நின்றது. ஆட்டோவைவிடச் சற்றுப் பெரிய வண்டி. ஓட்டுநர் கிடையாது. பின்புறம் ஓர் இரும்பு வாய், உள்ளே பொருளை உருக்கும் கலம். மணி அடித்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வாளர் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வண்டி தானாகவே சொல்லிவிடும்.

பூமியைத் தோண்டுவதை நிறுத்தி நாற்பது வருடங்கள் ஆகின்றன. சுரங்கங்களில் தண்ணீர் நிற்கிறது. உலகத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் முன்பு வேறொரு பொருளாக இருந்ததுதான். நிறைமதியின் செருப்புக் கொக்கி ஒரு காலத்தில் யாருடைய ஜன்னல் தாழ்ப்பாளாகவோ இருந்திருக்கலாம். எல்லாப் பொருளிலும் மணல் அளவில் ஒரு பயன்மானி உண்டு. நூறு நாள் பயன்படாத எதுவும் நூற்றியோராம் நாள் காலை வண்டிக்குப் போக வேண்டும். பயன்மானியை ஏமாற்ற முடியாது. சும்மா எடுத்து எடுத்து வைத்தால் போதாது. குடை என்றால் நனைய வேண்டும், கத்தி என்றால் நறுக்க வேண்டும்.

ஒரே விலக்கு, பிரிவு ஒன்பது. எதற்குமே உதவாத பொருள் கலை, கலையை வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பிரிவுக்காகத்தான் நிறைமதி சென்னையிலிருந்து மாற்றல் கேட்டு வந்தாள். கோவையில் மட்டும் ஆறாயிரம் கலைப்பொருள்கள் பதிவாகியிருந்தன. எல்லாமே சர்ரியலிசம், அவள் படித்த கல்லூரியின் மொழியில் மீமெய்க்கலை. மூக்குக்கண்ணாடி போட்ட தேங்காய்த் துருவி. பல்செட் முளைத்த பித்தளைச் சொம்பு. எறும்பு வரிசை ஊர்வதுபோல் கட்டை முழுக்கக் கறுப்பு மணிகள் பதித்த ஆர்மோனியம். வெளிநாட்டு விமர்சகர்கள் விமானம் ஏறி வந்து பார்த்து, 'கோவைக் கனவுப் பாணி' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். கனவு காணும் ஊர் என்று எழுதினார்கள்.

நிறைமதிக்கு ஒரே ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. விண்ணப்பங்களில் தேதி இருக்கும், பொருள் கடைசியாகப் பயன்பட்ட நாளும் இருக்கும். கழித்துப் பார்த்தால் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றொன்பது. ஆறாயிரம் பேரில் ஒருவருக்குக்கூட முதல் வாரத்தில் கனவு வரவில்லை.

மூன்றாவது மாடிக் கதவைத் திறந்தவர் தர்ஷன். வயது எழுபத்திரண்டு. அந்தத் தலைமுறையில் எல்லாருக்குமே தர்ஷன், ரித்விக், லக்‌ஷிதா என்றுதான் பெயர். பம்ப் மோட்டாருக்குக் காயில் சுற்றி ஓய்வு பெற்றவர். வேட்டியும் முண்டா பனியனுமாக நின்றார். பனியனில் மஞ்சளாக ஒரு கறை.

"வாங்க அம்மணி. ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

"உங்க கோழி விசிலடிச்சுதாம்."

"கோழிங்களா?" அவர் உள்ளே திரும்பிக் கோழியை ஒரு முறை பார்த்தார், அதுவே பதில் சொல்லட்டும் என்பதுபோல. "அது வாயே இல்லாத கோழிங்களே."

கூடத்து மேஜையில் கோழி நின்றது. ஐந்து லிட்டர் பிரஷர் குக்கருக்குப் பிளாஸ்டர் கோழிக்கால்கள். இரண்டு பக்கமும் ஒன்பது கரண்டிகள் இறகுகளாக விரிந்திருந்தன. கழுத்தில் கறுப்பு ரப்பர் வளையம். விசில் குண்டு உட்கார வேண்டிய இடத்தில் ஒரு பொம்மைக்கண், நீலம். மூடியைச் செம்புக் கம்பியால் குறுக்கும் நெடுக்கும் தைத்திருந்தார்கள். பதிவேட்டின்படி உள்ளே இருப்பது மேகம், அதாவது பஞ்சு. ஐந்து வருடங்களுக்கு முன் இதற்குச் சான்று எழுதிய ஆய்வாளர், 'நீர் வேட்கையின் தாய்மை வடிவம்' என்று குறிப்பிட்டிருந்தார்.

நிறைமதி கையை வைத்தாள். சூடாக இருந்தது.

"வெயிலுங்க," என்றார் தர்ஷன்.

"வடக்குப் பாத்த ஜன்னல்ல வெயிலா?"

"இந்த வருசம் அப்படித்தானுங்க அடிக்குது."

செம்புக் கம்பி பழையதுதான். முறுக்கிய முனைகள் மட்டும் புதிதாகப் பளபளத்தன. கோழிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு. அதில் சின்ன வெங்காயத் தோல், இரண்டு பூண்டுப் பல், கிள்ளிய மிளகாய்க் காம்பு, பாதி மூடிய மஞ்சள் தூள் டப்பா. ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்ததில், கல்லூரியில் அவள் பார்த்துப் பார்த்து நகலெடுத்த அசையாப்பொருள் ஓவியங்களைப் போலவே இருந்தது அந்தத் தட்டு. எலுமிச்சையும் செத்த மீனும் மட்டும்தான் இல்லை.

"இது என்ன?"

தர்ஷன் அரை நொடிதான் தயங்கினார். "அதுவும் கலைதானுங்க. அசையாம இருக்குது பாருங்க."

"தலைப்பு?"

"இன்னும் வெக்கலீங்க."

நிறைமதி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்துவிட்டால் விசாரணை போய்விடும். "நான் மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி, விசிலைக் கேட்ட சாட்சி ஒருத்தர் வேணும். எதிர் வீட்ல யாரு?"

"லக்‌ஷிதா அக்கா. அவங்களுக்குக் காது கேக்காதுங்க," என்றார் அவசரமாக.

காது கேட்காத லக்‌ஷிதா, நிறைமதி மணியை அழுத்துவதற்கு முன்பே, காலடிச் சத்தத்திலேயே கதவைத் திறந்தார். வயது எழுபத்தெட்டு இருக்கும். தலையில் துண்டு, கண்ணில் தெம்பு.

"வா கண்ணு. விசிலா? நான் ஒண்ணும் கேக்கலையே."

"விசில் பத்தி நான் இன்னும் கேக்கவே இல்லீங்களே."

"மூஞ்சியப் பாத்தா தெரியாதாக்கும்," என்று சமாளித்தார் லக்‌ஷிதா.

அவர் வீட்டிலும் கலை இருந்தது. எண் 3902, 'சுருட்டை முடிக்காரி'. மின்சாரக் காயில் அடுப்பின் தட்டில் பிளாஸ்டரில் ஒரு பெண்முகம். அடுப்பின் கம்பிச்சுருளைப் பிரித்து முகத்தைச் சுற்றிலும் கூந்தலாக விட்டிருந்தார்கள். லக்‌ஷிதாவின் அக்கா வைத்திருந்த அடுப்பு. வீட்டுக்கு வீடு உணவுப் பெட்டிகள் வந்த பிறகு புதிய அடுப்பு உரிமம் யாருக்கும் தருவதில்லை. பழைய உரிமம், வைத்திருப்பவரோடு முடிந்துவிடும். சுருட்டை முடிக்காரியின் கூந்தலில் ஒரு பக்கம் சாம்பல் நிறமாக வெளுத்திருந்ததை நிறைமதி கவனித்தாள். அந்தப் பக்கத்தைத் தொட்டாள். கூந்தலும் சூடுதான்.

 நிறைமதி மணிக்கட்டிலிருந்த பதிவுப்பட்டையைப் பார்த்து, வாசிப்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்: "சரி, யாருமே கேக்கலை. அப்போ கருவியில இருக்கற மாதிரியே எழுதிக்கறேன். காலை ஒன்பது நாற்பது, விசில் ரெண்டு."

"ரெண்டா?" என்றார் லக்‌ஷிதா.

"ஆமா, ரெண்டு."

"ரெண்டு விசில்ல அரிசியும் பருப்பும் எப்படிக் கண்ணு வேகும்? பருப்பு முழிச்சுக்கிட்டு நிக்கும். என்ன மிஷினு அது, எண்ணக்கூடத் தெரியாம! மூணு! நல்லா மூணு விசில்! நான் இங்க நின்னு..."

நிறுத்தினார். எதிர் வாசலில் நின்ற தர்ஷன் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

"காது கேக்காதுன்னேனுங்களே அக்கா," என்றார் மெல்ல.

"விசில் தப்பா எழுதுனா எப்படிடா சும்மா இருக்கறது?"

மூவரும் கோழியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கீழே மீட்பு வண்டி உறுமிக்கொண்டே நின்றது. வண்டியின் வாய் திறந்து மூடும் சத்தம் மூன்றாவது மாடிவரை கேட்டது. இன்னும் முக்கால் மணி நேரம்.

"திறங்க," என்றாள் நிறைமதி.

தர்ஷனின் விரல்கள் செம்புக் கம்பியைப் பிரித்த விதத்தில் அவருடைய முப்பது வருடத் தொழில் தெரிந்தது. எங்கே இழுத்தால் எல்லாம் கழன்று வரும் என்று அறிந்த விரல்கள். அறுத்தது என்று சான்று எழுதிய ஆய்வாளர் நினைத்த எதுவும் அறுபட்டிருக்கவில்லை. உடைத்தது என்று நினைத்த எதுவும் உடைபட்டிருக்கவில்லை. பொம்மைக்கண் திருகினால் வந்தது. அதற்கடியில் விசில் குண்டின் தண்டு, ஒரு கீறல்கூட இல்லாமல். கழுத்து வளையம்தான் கேஸ்கெட். சுருட்டை முடிக்காரியின் முகமும் ஒரு மூடிதான் என்பதை இப்போது கேட்கத் தேவையிருக்கவில்லை.

"அஞ்சு வருஷமா எல்லாரும் இதைப் பாத்துட்டுக் கனவுன்னு எழுதிட்டு இருக்காங்க," என்றாள் நிறைமதி. அவள் குரலில் கோபத்தைவிட வியப்புதான் இருந்தது. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். இந்த ஊர்ல ஏன் எல்லாருக்கும் தொண்ணூத்தேழாவது நாள்தான் கனவு வருது?"

தர்ஷன் கரண்டி இறகு ஒன்றை நிமிர்த்தி வைத்தார்.

"அதுவரைக்கும் கெடுக்க மனசு வராதுங்க அம்மணி."

 ஆறாயிரம் கலைப்பொருள்களும் நிறைமதிக்குள் ஒரே சமயத்தில் வேறு பொருள்களாக மாறிக்கொண்டிருந்தன. கண்ணாடி போட்ட தேங்காய்த் துருவியில் இருந்தது யாருடைய கண்ணாடி? சொம்புக்குள் இருந்தது யாருடைய பல்செட்? எறும்புகள் ஊர்ந்த கட்டைகளில் யாருடைய விரல்கள்? அவளுடைய அம்மா இறந்தபோது அவளுக்குப் பத்து வயது. சென்னையில் நூற்றியோராம் நாள் வண்டி வந்தது. அப்பா சமையலறையை ஒரே நடையில் காலி செய்து கொடுத்தார். அது இயல்பாகத்தான் தோன்றியது. எதையாவது பாழாக்கியிருந்தால் வைத்துக்கொண்டிருக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

"என் சம்சாரம் ஹாசினி போய் அஞ்சு வருசம்," என்றார் தர்ஷன். "அவ போட்டோ இருக்குதுங்க. பேசுன பேச்செல்லாம் பதிவு இருக்குது. கேட்டா பேசும். ஆனா அவ பாதி நேரம் என்கிட்டப் பேசுனது ஒரே வாக்கியந்தானுங்க. 'மூணு விசில் வந்தா அடுப்பை நிறுத்துங்க.' சொல்லிட்டுக் குளிக்கப் போயிருவா. நான் பேப்பர் படிச்சுட்டே எண்ணோணும். முப்பத்தோரு வருசம் சமையக்கட்டுல எனக்கு இருந்த ஒரே வேலை."

"அதையும் உருப்படியாச் செய்யலை," என்றார் லக்‌ஷிதா. "ரெண்டுல நிறுத்துவான், இல்லைன்னா அஞ்சாவது விசிலுக்குக் கூரை பறக்கும். அவ ஈரத்தலையோட ஓடி வருவா. தினமும் இதே கூத்து. எங்க வீட்டுக்குக் கேக்கும்."

"இன்னிக்குச் சரியா எண்ணிட்டேனுங்க," என்றார் தர்ஷன். "பேப்பர் இல்லாம."

"நானும் கூட எண்ணுனேன்," என்றார் லக்‌ஷிதா.

அரிசியும் பருப்பும், முளைக்கவைக்க என்று சொல்லி விதைக்கடையில் நெல்லும் துவரையுமாக வாங்கிக் குத்தி எடுத்தது. வெங்காயம் மொட்டை மாடியில் விளைந்தது. பக்குவம் சொன்னது லக்‌ஷிதா. சுருட்டை முடிக்காரியின் கூந்தலை மறுபடியும் அடுப்புக் காயிலாகச் சுற்றியது தர்ஷன். ஒரே ஒரு காலை, யாருக்கும் தெரியாமல். அடுப்பின் பயன்மானி என்றோ சூட்டில் கருகிப்போயிருந்தது, கோழியிலிருந்ததை மட்டும் இரண்டு பேருமே பொருட்படுத்தவில்லை. ஐந்து வருடம் சும்மா இருந்தது செத்திருக்கும் என்று நினைத்தார்களாம்.

"இப்ப என்னுங்க ஆகும்?"

"பயன்பட்டுச்சுன்னு நான் சொன்னா கோழி வண்டிக்குப் போகும். மத்தியானத்துக்குள்ள ஜன்னல் கம்பி ஆயிடும். உங்களுக்குக் கலை உரிமையும் போயிடும். அக்காவோட அடுப்பும் போகும்."

"அடுப்பு போகட்டும்," என்றார் லக்‌ஷிதா சட்டென்று. "நான்தான் தூண்டிவிட்டேன்னு எழுதிக்கோ கண்ணு. இவன் பாவம், எண்ண மட்டும்தான் செஞ்சான்."

தர்ஷன் கோழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.  "எதை வேணும்னாலும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. கட்டிலு, கதவு, எது வேணும்னாலும். இதை மட்டும்..."

கீழே வண்டி ஒரு முறை ஒலியெழுப்பியது. இருபது நிமிடம்.

நிறைமதி விதிப்புத்தகத்தைத் திரையில் திறந்தாள். பிரிவு ஒன்பது, உட்பிரிவு நான்கு. பயிற்சிக் காலத்தில் இதற்கு ஓர் உதாரணம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: சுற்றும், ஆனால் காற்று வராத மின்விசிறி. இயங்குவது வேறு, பயன்படுவது வேறு. இயக்கத்தின் விளைவு மனிதருக்கு உதவாது என்றால் அந்தப் பொருள் இன்னும் பயனற்றதுதான். ஆகவே இன்னும் கலைதான். விளைவை ஆய்வாளரே நேரில் சோதித்து, வாய்மொழியாகப் பதிய வேண்டும்.

"உள்ளே இருக்கறதை ஒரு தட்டுல வைங்க," என்றாள்.

தர்ஷன் மூடியைத் தூக்கினார். ஆவி கிளம்பிப் பொம்மைக்கண்ணை மூடியது. மஞ்சள் நிறத்தில் சாதம். அதில் உருத்தெரியாமல் கரைந்த பருப்பு, அங்கங்கே முழுசாகப் பூண்டு. உணவுப் பெட்டியின் சாதத்தில் ஒவ்வொரு பருக்கையும் ஒரே நீளத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும். இதுவோ ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடந்தது.

நிறைமதி பதிவுப்பட்டையை இயக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. ஒரு வாய் எடுத்தாள். மென்றாள்.  அவள் இன்னொரு வாய் எடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெகு நேரம் மென்றாள்.

பிறகு தெளிவான அலுவலகக் குரலில் சொன்னாள்: "கலைப்பொருள் 4417. இயங்கியது உண்மை. விளைவு சோதிக்கப்பட்டது. உண்ணத் தகுந்ததல்ல."

"என்னது?" என்று எழுந்தார் லக்‌ஷிதா. "தகுந்ததல்லையா? என் பக்குவத்தையா சொல்றே? எங்க அக்கா கைப்பக்குவம் அது! உனக்கு நாக்குல ஏதாச்சும்..."

தர்ஷன் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். வாயையும் பொத்தியிருப்பார், துணிச்சல் இருந்தால்.

"சாட்சியின் கருத்து வேறுபாடு பதிவு செய்யப்பட்டது," என்றாள் நிறைமதி, முகம் மாறாமல். "பொருள் மனிதப் பயனுக்கு உதவாது. கலை நிலை தொடர்கிறது. வண்டி திரும்பலாம்."

கீழே உறுமல் நின்றது. இரும்பு வாய் காலியாகவே மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது. வண்டி தெருமுனையில் திரும்பும்வரை மூன்று பேரும் அசையவில்லை. மேஜையில் கோழி, கரண்டிகள், வெங்காயத் தோல், ஆவி. தலைப்பு வைக்காத அந்தத் தட்டும்தான்.

லக்‌ஷிதாவுக்கு மெதுவாகத்தான் விளங்கியது. விளங்கியதும் அவர் நிறைமதியை ஏற இறங்கப் பார்த்தார். "அம்புட்டு மோசமாவா இருந்துச்சு கண்ணு?"

நிறைமதி பதிவுப்பட்டையைக் கழற்றினாள். விளக்கு அணைந்துவிட்டதா என்று இரண்டு முறை பார்த்தாள். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காலித் தட்டைத் தர்ஷன் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னும் ரெண்டு கரண்டி வைங்க சார். அடியில பிடிச்சிருக்குமே, அதை யாரும் எடுத்துடாதீங்க. எங்க வீட்ல அது எப்பவும் எனக்குத்தான்."